இருபது முறை மென்று துப்பவும்

அவருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் சல்லடை. அன்பாக வைத்த பெயர் அல்ல. கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் முப்பத்தொரு வருடம் மணலையும் ஜல்லியையும் சலித்து, மேலே நின்றது எவ்வளவு, கீழே விழுந்தது எவ்வளவு என்று எடை போட்டு, வந்த லோடில் கால்வாசியைத் திருப்பி அனுப்பியவர். ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு சல்லடைகள். மேலே பெரிய கண், கீழே போகப் போக மாவு சலிக்கிற அளவுக்குச் சின்னக் கண். ஒரு பிடி மணலைக் கொட்டிக் குலுக்கினால் அதன் வண்டவாளம் தட்டுத் தட்டாக வெளியே வந்துவிடும். மனிதர்களைச் சலிக்கவும் இப்படி ஏழு தட்டு இருந்தால் தேவலை என்று அவர் அடிக்கடி சொல்வார். இருந்திருந்தால் முதலில் அவரையே போட்டுக் குலுக்கியிருக்க வேண்டும். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

மணல் மட்டமாக இருந்தால்கூட அவர் பொறுத்துக்கொள்வார். ஆற்றையா போய்த் திட்ட முடியும்? சாம்பிளில் கை வைத்தவனைத்தான் அவரால் பொறுக்க முடியாது. குவியலில் கிடப்பது ஒன்று, பையில் கொண்டுவருவது வேறொன்று என்று சிலர் வருவார்கள். கழுவி, காயவைத்து, சோதனைக்கென்றே சிங்காரித்த மணல். சல்லடை அந்தப் பைக்குள் கையை விடுவார், முகர்வார், மூக்கோரம் சுருங்க முகத்தை ஒரு பக்கமாகச் சுளிப்பார். செத்த எலியைப் பார்க்கிற முகம். "இது அந்தக் குவியல் இல்ல. எடுத்துட்டுப் போ" என்பார். காகிதத்தில் 'செல்லாது' என்று முத்திரை விழுவதற்கு முன்னால் அந்த முகத்திலேயே முத்திரை விழுந்துவிடும். அதைப் பார்த்த பிறகு வாதாட வாயெடுத்தவர்கள் குறைவு. பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள்.

முகச்சுளிப்பு உத்தியோகத்தோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். அது பிறவிக் குணம். அடுத்தவர் உதடு பட்ட தம்ளர் ஆகாது. விருந்துக்குப் போனால் சட்டைப்பையில் சொந்த ஸ்பூன் இருக்கும். எதிரில் யாராவது வாயைத் திறந்துகொண்டு மென்றால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகக் கடித்துக் கொடுத்த பழத்தைக் குழாயில் கழுவித் தின்ற மனிதர் அவர். அவள் அதை நாற்பது வருடமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள், வருடத்துக்கு நாலு முறை வீதம்.

இப்பேர்ப்பட்டவருக்கு வந்தது ஈறு நோய். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் பற்கள் ஒவ்வொன்றாக ஆடின. ஈறை அழுத்தினால் சீழ். விடிந்தால் தலையணையில் எச்சிலும் ரத்தமும் கலந்து ஒரு வட்டம். தன் வாய் நாற்றம் தன் மூக்குக்கே ஏறியது. ஊரையெல்லாம் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தவருக்குத் தன்னைவிட்டு எழுந்து வேறு மேசைக்குப் போக வழியில்லை. கடைசிப் பல்லைப் பிடுங்கிய அன்று அவர் வருத்தப்படவே இல்லை. சனியன் தொலைந்தது என்றுதான் வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவிக்கும் அதற்குள் பல் போயிருந்தது. அவளுடைய பற்கள் சண்டை சச்சரவு இல்லாமல், ஒரு பக்கமாக ஆரம்பித்து வரிசையாகக் கழன்றிருந்தன. பல் மருத்துவமனையில் இருவருக்கும் ஒரே வாரத்தில் அளவெடுத்து, ஒரே பெட்டியிலிருந்து பற்களை எடுத்துக் கட்டினார்கள். கட்டியவர் ஒரு பெண் டாக்டர். வயது முப்பத்தைந்து இருக்கும். அதிகம் பேசாதவர், செய்ததையே மூன்று முறை சரிபார்க்கிறவர். பல்செட்டை வாயில் பொருத்துவதற்கு முன்னால் கடைவாய்ப் பற்களைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பல்லின் தலையிலும் குட்டிக் குட்டி மேடும் பள்ளமும் இருந்தன.

"மேல்பல்லோட மேடு கீழ்ப்பல்லோட பள்ளத்துல உக்காரும். அதுதான் அரைக்கும். தினமும் ரெண்டு வேளை கழட்டி பிரஷ் போட்டுக் கழுவுங்க."

"எனக்கா சொல்றீங்க? கல்லு உடைக்கிற கிரஷரும் இதே கணக்குதான். தகட்டுல பல்லு தேஞ்சா கல்லு உடையாது, வழுக்கிட்டு வெளிய வந்துரும். எத்தனை கிரஷரை நான் நிறுத்தச் சொல்லியிருக்கேன்!" என்றார் சல்லடை. இந்த வாக்கியத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் ரொட்டியும் கீரையும் அவித்த முட்டையும் தின்றார். ருசியாகத்தான் இருந்தது. கழுவலாம் என்று குளியலறைக்குப் போய்ப் பல்லைக் கழற்றினார். கழற்றி உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தார். இளஞ்சிவப்பு ஈறு முழுக்கக் கொழகொழவென்று எச்சில். அந்தப் பள்ளங்களில் ஒவ்வொன்றிலும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பிசின். முட்டைக் கரு, கீரை நார், கூழாகிப்போன ரொட்டி. தின்ற முட்டையைக் கழுவுதொட்டியிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். "என்னங்க ஆச்சு?"

"இதைப் பாரு! சாக்கடை. வாய்க்குள்ள சாக்கடையை வெச்சுக்கிட்டா உக்காந்திருந்தேன்?"

"எங்கேருந்தோ வந்ததா அது? நீங்க தின்னதுதானே?"

"தின்னதுதான். அதுக்காகப் பார்க்கணுமா?"

"சொந்தப் பல்லுலயும் இதேதான் இருந்துச்சு. கழட்ட முடியாததால நீங்க பார்க்கல" என்று சொல்லிவிட்டு, அவள் தன் செட்டைக் கழற்றி, குழாயில் ஒரு அலசு அலசி, தம்ளரில் போட்டுவிட்டுப் போனாள். தண்ணீரில் ஒரு கீரைத்துண்டு சாவகாசமாக மிதந்தது. சல்லடை தன் தம்ளரை அலமாரியின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தார்.

அவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள், இரண்டாம் வாரம் ரொட்டி, மூன்றாம் வாரம் இறைச்சி. ஒரு மாதத்தில் கைப்பையில் வறுத்த கடலைப் பொட்டலம் வைத்துக்கொண்டு, பேருந்திலும் வரிசையிலும் நின்றபடி கொறிக்க ஆரம்பித்துவிட்டாள். மெல்லும்போது மேல்செட்டும் கீழ்ச்செட்டும் மோதி டக்டக்கென்று சத்தம் வரும். "நொறுங்கத் தின்னா நூறு வயசு" என்று வேறு பழமொழி சொல்லுவாள். சல்லடைக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே ரோமம் சிலிர்த்துவிடும்.

பல் கட்டிய பத்தாம் நாள் அவருக்கு அந்த யோசனை வந்தது. இன்னொருவருக்கு வந்திருக்காது. சோதனைக்கூடத்திலிருந்து ஓய்வுபெறும்போது அவர் கொண்டுவந்த பொருள்களில் நாலைந்து தினுசு உப்புத்தாள் இருந்தது. கரடானது முதல் பட்டுத்துணி போன்றது வரை. மனைவி காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு காலை நேரத்தில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கடைவாய்ப் பற்களைத் தேய்க்க உட்கார்ந்தார். பள்ளம் இருந்தால்தானே சிக்கும்? முதலில் கரடு, பிறகு நடுத்தரம், பிறகு நைஸ். கடைசியில் பற்பசை போட்டுத் துணியால் துடைத்து மெருகேற்றினார். தொழில் தெரிந்த கை. ஒரு கீறல் தெரியாது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் பல்லில் விளக்குத் தெரிந்தது.

தரையில் கிடந்த வெள்ளைத் தூளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

நினைத்தது நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பற்களில் எதுவும் சிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பற்களால் எதையும் மெல்ல முடியவில்லை. இறைச்சித் துண்டு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு வழுக்கிப் போய் வழுக்கி வந்தது. கடலை பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உருண்டது. கேரட்டைக் கடித்தால் துள்ளிக்கொண்டு தொண்டைக்கு ஓடியது. அரை மணி நேரம் அசைபோட்ட பிறகும் வைத்தது வைத்தபடி வாயில் இருக்கும். எச்சிலில் ஊறி, சூடேறி, உயிருள்ள பிராணி மாதிரி நாக்கின்மேல் கிடக்கும். விழுங்கினால் நெஞ்சில் அடைக்கும், துப்பலாமென்றால் பார்க்கச் சகிக்காது. கைக்குட்டையில் ஒளித்துத் துப்பி, கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடப் பழகிக்கொண்டார். அந்தக் கைக்குட்டையைத் தொடவும் அவருக்கே கூசியது.

மெல்ல மெல்ல அவர் சாப்பாடு சுருங்கியது. பாலில் நனைத்த ரொட்டி. நீர்த்த கஞ்சி. சர்க்கரை போட்ட தேநீர், நாளைக்கு ஆறு முறை. மனைவி பதறிப்போய் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அரைத்துக் கொடுத்தாள். இறைச்சியும் கிழங்கும் கீரையும் சேர்ந்த பழுப்பு நிறக் கூழ் ஒன்று கிண்ணத்தில் வந்தது. ஓரத்தில் குமிழி வெடித்தது.

"இதை யாரோ ஏற்கெனவே தின்னிருக்காங்க" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"பச்சைக்குழந்தைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டட்டுமா?"

"வாந்தியை ஸ்பூன்ல எடுத்து ஊட்டுவியா? எடுத்துட்டுப் போ."

அறுபத்துநாலு கிலோ இருந்தவர் எட்டு மாதத்தில் நாற்பத்தொன்பதுக்கு இறங்கினார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு கயிறாகத் தெரிந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே சரிந்து, முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். ரத்தம் எடுத்துப் பார்த்த பொது மருத்துவர், "புற்றுநோயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவர் சரியாச் சாப்பிடல. உடம்புல இரும்புச்சத்து இல்ல, புரதம் இல்ல. இன்னும் அஞ்சு கிலோ இறங்கினா மூக்குல குழாய் போட்டுத்தான் உணவு குடுக்கணும்" என்றார். குழாய் என்ற வார்த்தை சல்லடையின் காதில் விழுந்தது. மூக்கின் வழியாக ஒரு ரப்பர் பாம்பு, அதற்குள் அந்தப் பழுப்புக் கூழ். அன்றிரவு அவருக்குக் கஞ்சியும் இறங்கவில்லை.

இந்த இடத்தில் அவர்களுடைய மகள் கதைக்குள் வந்தாள். அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவள். பிழை எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். அப்பாவைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கேரட் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, உங்களால மெல்லவே முடியலையே! இந்தப் பல்லைக் கட்டிக் குடுத்தது யாரு? மனுஷன் சாகற அளவுக்கா வேலை செய்வாங்க?"

அந்தக் கணம் அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. உள்ளே கேரட் இருந்தது. "கட்டினப்பவே சரியில்லம்மா" என்றார்.

ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அவர் மகள் விடுகிற ஆள் இல்லை. பல் மருத்துவமனைக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதினாள். தரமில்லாத பற்கள், கவனமில்லாத வேலை, அதனால் தந்தையின் உயிருக்கு ஆபத்து. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினாள். முப்பத்தொரு வருடம் 'செல்லாது' என்று எழுதிய அதே கையெழுத்தை அவர் போட்டார். கொஞ்சம் தேய்த்ததில் என்ன ஆகிவிடும், உண்மையிலேயே ஆரம்பத்திலிருந்தே சரியில்லையோ என்னவோ என்று உள்ளுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். கிரஷர் தகட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர் சோறே இல்லாமல் மறைத்தார்.

பத்து நாளில் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. புகார் விசாரணைக்கு வரவும், மெல்லும் திறன் சோதிக்கப்படும், அதே டாக்டரிடம் பல் கட்டிய மனைவியும் உடன் வரலாம்.

சோதனை அறை சின்னது. சுவரோரம் ஒரு எஃகு மேசை, குழாய், கிராம் கணக்கில் எடை பார்க்கும் தராசு. மேசைமேல் இருந்த பொருளைப் பார்த்ததும் சல்லடையின் நடை ஒரு நொடி நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பித்தளைச் சல்லடைகள். உள்ளங்கையகலம்தான். ஆனால் அதே சாதி. சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தது: 'இருபது முறை மென்று துப்பவும். விழுங்கக் கூடாது.'

துறையின் தலைமை டாக்டர் புகார்க் கோப்போடு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, அவசரப்படாத குரல். பல் கட்டிய பெண் டாக்டர் குழாயருகே நின்றிருந்தார். மகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சமமாக வெட்டிய கேரட் துண்டுகள் மூன்றைக் கொடுத்தார்கள். தலைமை டாக்டர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. சல்லடை அசைபோட்டார். இருபதில், "துப்புங்க" என்று கிண்ணத்தை நீட்டினார்கள். எல்லோரும் பார்க்க, தன் வாயிலிருந்ததை ஒரு பாத்திரத்தில் துப்புவது என்பது அவர் வாழ்நாளில் செய்யாத காரியம். கண்ணை மூடிக்கொண்டு துப்பினார். எச்சில் நூல் உதட்டிலிருந்து அறாமல் தொங்கியது. அதைத் துடைத்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு செட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பெண் டாக்டர் கிண்ணத்திலிருந்ததைப் பித்தளைத் தட்டுகளின்மேல் கவிழ்த்து, மெல்லிய தண்ணீரில் அலசினார். சல்லடை உற்றுப் பார்த்தார். எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்குமா என்று தேடினார். தண்ணீரை வேகமாக விட்டால் குற்றம் சொல்லலாம். விரலால் தள்ளினால் குற்றம் சொல்லலாம். ஓரத்தில் ஒட்டியதை விட்டுவிட்டால் குற்றம் சொல்லலாம். டாக்டர் எதையும் விடவில்லை. ஓரத்தை மென்தூரிகையால் தட்டி, தண்ணீர் வடிய விட்டு, தட்டுத் தட்டாக எடை போட்டு எழுதினார். சல்லடையே நின்று செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார். எல்லாம் மேல் தட்டில் நின்றது. மூன்று துண்டுகளும் ஏறக்குறைய முழுசாக, மூலை மட்டும் நசுங்கி, பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கீழ்த் தட்டுகளில் ஒன்றும் இல்லை.

தலைமை டாக்டர் செட்டை வெளிச்சத்தில் திருப்பினார். "எட்டு மாசத்துல இப்படியா தேயும்? தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா ஐயா?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி, "இல்லீங்க, குறட்டை மட்டுந்தான்" என்றாள்.

"அப்ப பல்லே மட்டமான சரக்கு. இதே பெட்டியிலேருந்து எத்தனை பேருக்குக் கட்டினீங்க?"

"பதினோரு பேருக்கு சார்" என்றார் பெண் டாக்டர்.

"அதுல ஒண்ணு என் வாயில இருக்குங்க" என்று மனைவி கையைத் தூக்கினாள்.

அவளுக்கும் மூன்று துண்டு கொடுத்தார்கள். டக்டக்கென்று அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இருபது எண்ணி முடித்ததும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கிண்ணத்தில் துப்பி, "தண்ணி விட்டு நல்லாக் கொப்புளிச்சுத் துப்பட்டுமா, உள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு" என்று கேட்டாள். அதையும் சலித்தார்கள். மேல் தட்டில் ஒரு சிட்டிகை நின்றது. மற்றதெல்லாம் கீழே இறங்கியிருந்தது. நடுத் தட்டில் பாதி, அடித்தட்டில் பாதி, நல்ல ஆற்று மணல் மாதிரி ஒரே சீராக. சல்லடை தன்னை மறந்து அதைப் பார்த்தார். அவள் எச்சிலில் ஊறிய கேரட் அது. ஆனாலும் முப்பத்தொரு வருடத்தில் அவர் பார்த்த எந்த லோடுக்கும் அது இளைத்ததல்ல. கண்ணை மூடிக்கொண்டு 'செல்லும்' என்று எழுதலாம்.

தலைமை டாக்டர் பேனாவை மூடினார். "பெட்டியில குறை இல்ல. அப்ப கட்டின கையிலதான் குறை." பெண் டாக்டர் பக்கம் திரும்பினார். "இவருக்கு மேடு பள்ளம் சரியாப் பொருந்தல, அதான் உரசி உரசித் தேஞ்சிருக்கு. ஒரு ஆள் பதினஞ்சு கிலோ இறங்கிப் படுக்கையில விழப் பார்த்திருக்கார். விசாரணை முடியற வரைக்கும் நீங்க யாருக்கும் பல் கட்ட வேணாம். கோப்பு மேல போகும்."

"நான் சரியாத்தான் சார் பொருத்தினேன்." குரல் தேய்ந்து வந்தது. "மூணு தடவை பார்த்தேன். அளவெல்லாம் என் நோட்டுல இருக்கு. எப்படின்னு எனக்கே புரியல சார்." நோட்டைப் பிரித்த விரல்கள் பக்கத்தைத் தேடித் தடுமாறின. தான் எங்கே தப்புச் செய்தோம் என்று அந்த டாக்டர் உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தார்.

மகள் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நியாயம் கிடைத்துவிட்டது என்கிற தட்டல். சல்லடைக்கு அது பிடரியில் விழுந்த அடி மாதிரி இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். புதுச் செட்டு கிடைக்கும், வேறு டாக்டர் கட்டித் தருவார், உடம்பு தேறும். பேசினால் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். அதைவிட, இந்த அறையில் அவர் எதுவாக நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். சிங்காரித்த மணலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றவர்களை அவருக்கு ஒருவர்கூட விடாமல் நினைவிருந்தது.

பெண் டாக்டர் நோட்டை மூடி, மேசைமேல் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இருங்க" என்றார் சல்லடை.

வாயில் பல் இல்லை. செட்டு இன்னும் தலைமை டாக்டர் கையில் இருந்தது. மனைவியையும் பல் டாக்டரையும் தவிர யார் முன்னாலும் அவர் பல்லில்லாத வாயோடு பேசியதில்லை. உதடு உள்ளே மடிந்து, முகவாய் மூக்கைத் தொட, வார்த்தையோடு எச்சில் தெறித்தது. மகள்மேல் ஒரு துளி விழுந்தது. ஆனாலும் கையால் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"அந்தம்மா மேல தப்பில்ல. சாம்பிள்ல கை வெச்சது நான். உப்புத்தாள் போட்டு நானே தேய்ச்சேன்."

தலைமை டாக்டர் செட்டை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவினார்.

"தேய்ச்சீங்களா? எதுக்கு?"

"பள்ளத்துல சாப்பாடு சிக்கிச்சு. அருவருப்பா இருந்துச்சு. கட்டின பத்தாம் நாளே தேய்ச்சுட்டேன். புகார்ல இருக்கிறது எதுவும் செல்லாது."

மகள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்பா, அந்த மூணு பக்கத்தை நான் கை வலிக்க எழுதினேன்" என்றாள், அவ்வளவுதான். மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "குளியலறையில வெள்ளையா மாவு மாதிரி கெடந்துச்சு. சோப்புத்தூள்னு நெனச்சேன். கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் சீ, சீ. இப்ப உயிரே சீன்னு போயிருக்கும்!"

சல்லடை அவளைப் பார்க்கவில்லை. பெண் டாக்டரைத்தான் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அழுகைகூட வரலாம். வந்தது வேறு. மூக்கோரம் சுருங்கியது. முகம் ஒரு பக்கமாகச் சுளித்தது. செத்த எலியைப் பார்க்கிற முகம்.

அது அவருக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருடம் அவரே போட்டுக்கொண்டிருந்த முகம் அது. எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பது இதுவே முதல் தடவை. அதைப் பார்த்த பிறகு லாரிக்காரர்கள் ஏன் ஒன்றும் பேசாமல் போனார்கள் என்று அவருக்குப் புரிந்தது. அவரும் பேசவில்லை. ஆனால் தூக்கிக்கொண்டு போக அவரிடம் பை இல்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

தலைமை டாக்டர் கோப்பின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். பெண் டாக்டர் பாதி கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"வாயைத் திறங்க. புதுசா அளவெடுக்கணும்."

குளிர்ந்த பசை ஒரு கரண்டி நிறைய வாய்க்குள் வந்து அப்பிக்கொண்டது. தொண்டை வரை வழிந்தது. அவருக்குக் குமட்டிக் கண்ணீர் வந்தது. டாக்டரின் கட்டைவிரல் அவர் மேலண்ணத்தை அழுத்திப் பிடித்திருந்தது, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல். "அசையாதீங்க. வாந்தி வந்தாலும் அசையாதீங்க."

மூன்று வாரம் கழித்துப் புதுச் செட்டு வந்தது. மேடும் பள்ளமும் முன்னைவிட ஆழமாகவே இருந்ததாக அவருக்குத் தோன்றியது. வேண்டுமென்றே செய்திருப்பாரோ என்றுகூட நினைத்தார். அதே அறை, அதே மேசை, அதே அட்டை. மூன்று துண்டு கேரட். டாக்டர் எண்ணினார். முதல் கடியில் துண்டு வழுக்கவில்லை, மொறுக்கென்று உடைந்தது. அந்தச் சத்தம் அவர் மண்டைக்குள்ளேயே கேட்டது. பிறகு டக்டக்கென்று வந்தது இன்னொரு சத்தம், மனைவி வாயிலிருந்து இத்தனை நாள் அவர் வெறுத்த அதே சத்தம், இப்போது அவர் வாயிலிருந்து. இனிப்பான சாறு நாக்கில் இறங்கியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

"துப்புங்க."

அவர் துப்பவில்லை. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

"ஐயா! விழுங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு பாருங்க. சோதனைக்கு என்ன பண்றது?"

"இன்னொரு தடவை குடுங்க டாக்டர். இந்தத் தடவை துப்பிடறேன்" என்றார். எட்டரை மாதத்தில் மென்று விழுங்கிய முதல் வாய் அது. இரண்டாம் தடவை துப்பினார். அது தட்டுத் தட்டாக இறங்கியது. மனைவியினுடைய அளவுக்குச் சீர் இல்லை, ஆனாலும் தேறும்.

டாக்டர் எடையை எழுதிவிட்டு, குழாயைக் காட்டி, ஒரு பிரஷை நீட்டினார். "இப்ப என் கண்ணு முன்னாடி கழட்டிக் கழுவுங்க."

கழற்றினார். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆரஞ்சு நிறத்தில் கூழ் அப்பியிருந்தது. எச்சில் நுரை விரல் வழியே வழிந்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அந்தச் சுளிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. சல்லடை பள்ளம் பள்ளமாகப் பிரஷ் போட்டார். பள்ளத்துக்கு ஒரு "சீ" சொன்னார். கடைசிப் பல்லையும் கழுவி முடித்து, செட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். மடியில் கடலைப் பொட்டலம் பாதி காலியாகியிருந்தது. விரல் நுனிகளில் உப்பும் தோலும் ஒட்டியிருந்தன. சற்று முன்புதான் அந்த விரலை நக்கியிருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொட்டலத்தையும் பார்த்தார், விரல்களையும் பார்த்தார்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே கையை நீட்டினார்.